வருகிறவர்களுக்கு வைத்த தண்ணீர்

மன்னார்த் தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் பால் விடாத பிளேன்ரீ நன்றாக இருந்தது. அதை நான் நெடுநாள் யோசித்ததே இல்லை. தலைமன்னாரில் மீன்பிடி வாடிகளில் படுத்திருக்கிறேன், வங்காலையில் கருவாடு புரட்டியிருக்கிறேன், உப்பளத்தில் இரண்டு பருவம் உப்பு வாரியிருக்கிறேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர் கிளாஸில் தேநீர் நீட்டினார்கள். அதில் ஒருநாளும் உப்புச் சுவை இருந்ததில்லை. ஆகவே இந்தக் கரையின் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். அந்த நம்பிக்கையும் நான் சொன்ன ஒரு சிறிய பொய்யும் சேர்ந்து, ஒரு பால்குடிப் பிள்ளையை ஆபத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டன.

சண்டைக் காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. போய் மூன்றாம் மாதம் அப்பா காய்ச்சலில் இறந்தார். அகதி முகாமில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பெயின்ற் அடித்தேன், லொறியில் மூட்டை ஏற்றினேன். அம்மாவும் முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். சண்டை முடிந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியபோது நானும் திரும்பினேன். வந்தவர்களுக்குக் குடியிருக்க வளவும் வீட்டுக்கு உதவியும் கொடுத்தார்கள். தனியாளுக்கு அது பிந்தித்தான் வரும் என்றார்கள். அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போய் நிற்க எனக்குக் கால் பொறுக்காது. விட்டுவிட்டேன்.

அப்படித் திரிந்த ஒரு காலையில்தான் மணலில் புதைந்துபோன ஓட்டோ ஒன்றைத் தள்ளிக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு பெண். மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற விஞ்ஞானி, ஆனால் பேச்சு யாழ்ப்பாணம். தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது, அது எந்த மண்ணிலிருந்து வந்தது, எந்த மனிதரிடமிருந்து வந்தது என்று தேடுவது அவருடைய ஆராய்ச்சி. எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"கிணத்திலை தண்ணி அள்ளத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"அது தெரியாத ஆக்களும் இருக்கினமோ மிஸ்?"

"இருக்கினம். நான் சொல்லுற மாதிரி அள்ள ஒருத்தருக்கும் தெரியாது."

உண்மைதான். முதலில் சில வாளி இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். பிறகு அதே தண்ணீரால் போத்தலை மூன்று தரம் அலசி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு மட்டும் நிரப்பி மூட வேண்டும். இலக்கம் எழுதி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை செய்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டி தூக்குகிற வேலை எனக்குக் கிடைத்தது.

மத்தியானங்களில் வெயில் ஏறி மணல் வெள்ளையாகக் கண்ணை அடிக்கும்போது வேலையை நிறுத்தி ஏதாவது ஒரு பனை நிழலில் இருப்போம். கழுதைகள் நின்றபடியே நித்திரை கொள்ளும். அப்படி ஒரு மத்தியானம் அவர் சொன்னார், இந்தத் தீவுக்கு ஆறு இல்லை, மலை இல்லை, பெய்கிற மழைதான் எல்லாம் என்று.

"மழைத்தண்ணி மணலுக்குள்ளாலை இறங்கிக் கடல் தண்ணிக்கு மேலை மிதக்குது. உப்புத்தண்ணி பாரம். நல்ல தண்ணி பாரமில்லை. எண்ணெய் மாதிரி மேலை நிக்கும்."

"அப்ப எங்களுக்குக் கீழை மிதந்துகொண்டிருக்கோ?"

"ஓம். இப்பவும்."

நான் மணலில் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே மணல், அதற்குக் கீழே போன வருடத்து மழை, அதற்குக் கீழே கடல். இந்தத் தண்ணீர் யாரையும் நனைக்காமல் ஓசையில்லாமல் இருட்டில் மிதந்துகொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் நானும் மெல்ல ஆடுவது போலிருந்தது. படகில் போன அந்த எட்டு வயது இரவுக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் படுத்திருப்பதில் பயமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். மிஸ் எழுப்பும்வரை அப்படியே கிடந்தேன்.

தாராபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, திரும்பி வந்தவர்களுக்காகப் பிரித்துக் கொடுத்த வளவுகள் தெருப்போன்ற ஒரு மணல் ஒழுங்கை நெடுக இருந்தன. ஒவ்வொரு வளவிலும் பூசாத புது வீடு, புதுக் கக்கூசு, புதுக் கிணறு. ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளும் முகாமில் வளர்ந்தவள், என்னுடைய முகாம் அல்ல. கணவன் கடலுக்குப் போகிறவன். அவள் வயிற்றில் ஏழு மாதம். மிஸ் ஒழுங்கையின் மற்றத் தலைப்பில் நின்று, கடைசி மூன்று வீட்டுக்கும் என்னைத் தனியாக அனுப்பினார்.

"இருங்கோ அண்ணை, வெயிலுக்கை வந்திருக்கிறியள்," என்றாள் அவள். கதிரை ஒன்றை வேம்பின் நிழலில் போட்டு, பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். "போத்திலைத் தாங்கோ, நான் நிரப்பித்தாறன்."

போத்தலைக் கொடுத்தேன். அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளே போனாள். உள்ளே பானையில் செம்பு முட்டுகிற சத்தம் கேட்டது. நிரப்பித் துடைத்துக் கொண்டுவந்தாள்.

"கிணத்துத் தண்ணியெல்லோ தங்கச்சி கேட்டது?"

"அதை எப்பிடி அண்ணை ஒரு ஆளுக்குக் குடுக்கிறது? கரிக்கும். இது நானான்ரை தோட்டத்துக் கிணத்துத் தண்ணி. வாற ஆக்களுக்கெண்டு எடுத்து வைக்கிறனான்."

"இது குடிக்க இல்லை. சோதிக்க."

"குடிச்சுப் பாக்காமல் எப்பிடிச் சோதிக்கிறது? அவ்வளவு படிச்ச மனிசி. என்ரை வீட்டுத் தண்ணியை வாயிலை வச்சிட்டுத் துப்பினா எனக்கு எப்பிடியிருக்கும்?"

நானா என்று அவள் சொன்னது, சண்டைக் காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரை. அவருடைய பனந்தோட்டத்துக் கிணறு அந்தப் பக்கத்தில் பேர்போனது. யாரும் அள்ளலாம். அவளுடைய வீட்டிலிருந்து கால் மணித்தியால நடை. ஏழு மாத வயிற்றோடு குடத்தை இடுப்பில் வைத்து அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்காக நடந்திருக்கிறாள். அதைக் கொட்டிவிட்டுக் கிணற்றில் அள்ளு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கி, தேநீர் வேறு நன்றாக இருந்தது. இலக்கம் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்.

பின்னேரம் மிஸ் தங்கியிருந்த அறையின் விறாந்தையில் போத்தல்களை வரிசையாக வைத்து உப்பு அளக்கிற மீற்றரை ஒவ்வொன்றிலும் தோய்த்துப் பார்த்தார். கொஞ்சத் தண்ணீரை வேறு சின்னக் குப்பிகளில் எடுத்து மலைநாட்டுக்குக் கொண்டுபோக வைத்தார். ஓரிடத்தில் நின்று, திரும்ப ஒருமுறை தோய்த்துப் பார்த்தார்.

"நானா தோட்டத்துக் கிணறும் ஒழுங்கைக் கடைசிக் கிணறும் இரட்டைப் பிள்ளையள் மாதிரி. நடுவிலை இருக்கிற வீடெல்லாம் உப்பு. இது எப்பிடி?" என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே அள்ளினது? மூண்டு தரம் அலசினனீங்களோ?"

"ஓம் மிஸ்."

அவ்வளவுதான் என் பொய். அவர் வரைபடத்தை விரித்து, நானாவின் தோட்டத்திலிருந்து அவளுடைய வீடுவரை பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். பழைய காலத்தில் மணலுக்கடியில் ஒரு ஓடை இருந்திருக்கலாம், அது நிரம்பி மூடிய தடத்தால் நல்ல தண்ணீர் இன்னும் மெல்ல நகர்ந்து வரலாம் என்றார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. நானும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி இருந்தேன். நான் அறிந்து அந்த வழியால் வந்த ஓடை அவளுடைய இடுப்பில் இருந்த குடம் ஒன்றுதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கும் அப்படி ஒரு ஓடை இருக்கலாம் போல வந்தது.

மிஸ் திரும்பிப் போனார். நானும் அங்கே நிற்கவில்லை. பாலம் கடந்து பெருநிலப்பக்கம் போய் அறுவடைக்கு நின்றேன், நெற்சூடு அடித்தேன், கொஞ்ச நாள் சும்மாவும் இருந்தேன். மாரி பெய்து ஓய்ந்தபின் அவர் மறுபடி வந்தபோது நறுவிலிக்குளம் என்ற ஊரில் அவரோடு சேர்ந்துகொண்டேன். அங்கே வயலோரக் கிணறுகளில் அள்ளினோம். இந்த முறை அவரிடம் சின்னத் தாள் துண்டுகள் இருந்தன. தண்ணீரில் தோய்த்து எடுத்தால், வயலுக்குப் போடுகிற உரத்திலும் கக்கூசுக் குழியிலும் இருந்து இறங்குகிற நைத்திரேற்று என்ற ஒன்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத் தாள் சிவக்கும்.

"இதுக்கு மணமில்லை, ருசியில்லை," என்றார். "பெரிய ஆக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. போத்தில்பால் குடிக்கிற பச்சைப் பிள்ளைக்குத்தான் கூடாது. ரத்தம் காத்தைச் சுமக்க மறந்துபோகும். உதடு நீலமாகும்."

"கொதிக்க வச்சால்?"

"கொதிக்க வச்சால் எது போகும்?"

உப்பளத்தில் இரண்டு பருவம் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது. வெயிலில் தண்ணீர்தான் போகும். கரைந்திருப்பது அங்கேயே இருக்கும், இன்னும் கெட்டியாக.

இரண்டு நாள் கழித்துத் தீவுக்குள் வந்தோம். ஓட்டோவில் வரும்போது மிஸ் புது வரைபடத்தைக் காட்டினார். பென்சில் கோடு இப்போது நீல மையில் அச்சாகியிருந்தது. கொண்டுபோன குப்பிகளைச் சோதித்ததில் நல்லதென்று வந்த அந்த ஒழுங்கையின் கடைசிக் கிணற்றைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் நம்பிக் கொடுக்கலாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். அவர் ஒழுங்கைத் தலைப்பில் இறங்கிக்கொள்ள, நான் முன்னால் நடந்து கடைசி வீட்டுக்குப் போனேன்.

"எங்கை அண்ணை காணாமல் போனனீங்கள்? கலியாணம் கிலியாணம் முடிச்சிட்டியளோ எண்டு நினைச்சன்."

"ஆர் எனக்குப் பொம்பிளை தாறது?"

"அதுவும் சரிதான்," என்றாள்.

வேம்பில் சீலைத் தொட்டிலாக ஏணை கட்டியிருந்தது. உள்ளே ஆண் பிள்ளை, ஐம்பது நாள் என்றாள். பிரசவத்துக்குப் பிறகு தனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதாகவும் மிட்வைஃப் அம்மா பால்மா கொடுக்கச் சொன்னதாகவும் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கிணற்றில் வாளியை விட்டு அள்ளி, கேத்திலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். எனக்குத் தேநீர் போட உள்ளே பானையில் மொண்டாள்.

இரண்டு தண்ணீரையும் பார்த்தபடி இருந்தேன்.

"பிள்ளைக்கு ஆரின்ரை தண்ணி?"

"எங்கடைதான். நல்லாக் கொதிக்க வச்சு ஆறவச்சுத்தான் கரைக்கிறனான்."

"நானா கிணத்துத் தண்ணி இருக்கெல்லோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பிறந்ததிலை இருந்து பிறத்தியார் தண்ணிதான் குடிச்சனான் அண்ணை. பைப்படியிலை குடத்தை வரிசையிலை வச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டு வளந்தனான். இவன் எண்டாலும் சொந்தத் தண்ணியைக் குடிச்சு வளரட்டும்."

ஏணைச் சீலையை விலக்கினேன். பிள்ளை நித்திரை. வேப்பிலை நிழல் அதன் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உதட்டு நிறம் நிழலின் நிறமா, அதன் சொந்த நிறமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிழல் விலகும், பார்ப்போம் என்று நின்றேன். விலகியபோதும் அந்த நிறம் போகவில்லை. விரலைத் தொட்டுப் பார்த்தேன். நகங்களிலும் கொஞ்சம் கிடந்தது, நாவல்பழம் தின்று கழுவின கைபோல.

"எந்நேரமும் நித்திரைதான். நல்ல பிள்ளை," என்றாள் அவள்.

"இப்ப இந்தப் பாலைக் குடுக்காதை. வாறன்," என்று சொல்லி ஒழுங்கையில் ஓடினேன். மணலில் ஓடுவது கனவில் ஓடுவது மாதிரி, கால் போகும், ஆள் போகமாட்டான். மிஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. அந்தப் போத்தலை நான் அள்ளவில்லை, அது பானைத் தண்ணீர், நானா தோட்டத்துத் தண்ணீர், உங்களுடைய ஓடை அவளுடைய குடம் என்றேன். பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என்னை ஏசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நடந்தபடியே, "எத்தினை போத்தில்?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் மிஸ்."

"ஒண்டு எண்டு நீங்கள் நினைக்கிறியள்."

கிணற்றில் தாளைத் தோய்த்து எடுத்தார். அது காத்திருக்கவே இல்லை. தாழம்பூ நிறத்தில் இருந்தது மெல்ல ரோசாவாகி, பிறகு பீற்றூட் அரிந்த கைபோல ஆகி நின்றது. அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். மிஸ் கிணற்றடியிலிருந்து கக்கூசுக் குழிவரை காலால் அளந்து நடந்தார். அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. மணலில் வந்த தண்ணீருக்கு அது இன்னும் கிட்ட.

"என்னிட்டைப் பொய் சொன்னது இவர்," என்று அவளிடம் சொன்னார் மிஸ், "ஆனால் போத்திலிலை எது வந்ததெண்டு நானும் நிண்டு பாக்கேல்லை. பிள்ளையை இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். இந்தத் தண்ணி இனி அவனுக்கு வேண்டாம்."

அவள் அழவில்லை. கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "கொதிக்க வச்சனானே," என்றாள் இரண்டு தரம். பிறகு என்னிடம் திரும்பி, "போத்திலைக் குடுத்துப்போட்டுக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சது நீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ, இது குடிக்கிறதுக்கில்லை எண்டு?"

அன்று சொன்னேன்தான். குடிக்க இல்லை, சோதிக்க என்று இரண்டு சொல். கொட்டிவிட்டுக் கிணற்றில் அள்ளு என்ற மூன்றாவது சொல்லைச் சொல்லவில்லை.

ஓட்டோவில் அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். நான் சாரதிக்குப் பக்கத்தில் விளிம்பில் இருந்து வந்தேன். பட்டணம்வரை வெயில், வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளை மணல், தூரத்தில் கடல் ஒரு கோடாகக் கிடந்தது. அந்த மணல் முழுக்கத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது என்ற நினைப்பு வந்தது. முன்னர் தாலாட்டிய அதே நினைப்பில் இப்போது ஓட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பிள்ளையை நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். ஐந்தாம் நாள் நாவல்பழ நிறம் போய் வெறும் பிள்ளை நிறத்தில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வீடு திரும்பினான். நல்ல பிள்ளையாக இருந்ததெல்லாம் அந்தத் தண்ணீரின் வேலை என்று அவள் பிறகு சொன்னாள்.

அந்த நான்கு நாளும் மிஸ் முன்னர் அள்ளின வீடுகளுக்கெல்லாம் தானே மறுபடி போனார். பாதிக்கு மேல் போத்தல்களில் இருந்தது வருகிறவர்களுக்கு வைத்த தண்ணீர். அவர் நேரே நின்ற இடங்களில்கூட, திரும்பி எழுதிக்கொண்டு நின்ற நேரத்தில் வீட்டுக்காரர் கிணற்று வாளிக்குள் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். ஒருவரிடமும் களவு இல்லை. எல்லோரும் மரியாதை செய்திருந்தார்கள். நீல மைக் கோடு போட்ட தாளை மிஸ் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வடிவான கோடு," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டு வாசல் படலையில் நின்றே நான் சொல்ல வேண்டிய வசனத்தை அவர் எனக்குச் சொல்லித் தந்தார்: "குடிக்கிறதுக்கில்லை. நீங்கள் உடுப்புத் தோய்க்கிற தண்ணி எதுவோ அதைத் தாங்கோ." ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் போத்தலில் கிணறு வந்தது. அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தாள் சிவந்தது. அவர் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தேன். முதன்முறையாக வரிசையில் கடைசிவரை நின்றேன். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர்ப் பவுசர் வரத் தொடங்கியது. கக்கூசுக் குழிகளை மாற்றுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள்.

மிஸ் போனபின் ஒரு காலை கடைசி வீட்டுக்குப் போனேன். போகாமலே பட்டணத்திலிருந்தே திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. படலைக்குக் கிட்டப் போனபோது அவள் நானா தோட்டத்திலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். தினமும் இரண்டு நடை. மணலில் அவளுடைய காலடிகளே ஒரு தடமாகி வளைந்து வளைந்து தோட்டம்வரை போனது. வரைபடத்துக் கோடு எனக்கு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ அதே வளைவு.

"இருங்கோ," என்றாள். அண்ணை என்று சொல்லவில்லை. கதிரை வரவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் இருந்தேன். குடத்தைக் கொண்டுபோய் உள்ளே பானையில் ஊற்றி மூடினாள். பிறகு வெளியே வந்து, வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளி, என் கண்முன்னே கேத்திலில் ஊற்றினாள்.

"பானைத் தண்ணி இப்ப இவன்ரை. சொந்தத் தண்ணி குடுக்க இருந்தனான், அதுக்குக் குடுத்துவைக்கேல்லை. பெரிய ஆக்கள் குடிச்சால் உடனை ஒண்டும் செய்யாதெண்டு மிஸ்தானே சொன்னவ. நானும் இவன்ரை தகப்பனும் பவுசர் தண்ணி முடிஞ்சால் இதைத்தான் குடிக்கிறம். இனி நீங்களும் இதைத்தான் குடிப்பியள்."

கிளாஸைத் தந்துவிட்டு எதிரே நின்றாள். ஏணையில் பிள்ளை கால் உதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு மிடறு குடித்தேன். இவ்வளவு காலம் இந்தக் கரையில் நான் குடித்திராத தேநீர். நாக்கின் ஓரங்களில் கடல் வந்து நின்றது.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரிக்குது," என்றேன்.

"ஆ. இப்பதான் ஒழுங்காச் சொல்லுறியள் அண்ணை," என்றாள். கேத்திலில் மிச்சம் இருந்ததையும் என் கிளாஸிலேயே ஊற்றினாள்.